வண்டி ஏறும், சரிவு தாங்குமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நாலு வருஷமாகப் பழைய ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் எஞ்சின் வண்டி) ஒன்றைச் சமதரைப் பாதைகளிலும் உறைந்த ஏரிகளிலும் ஓட்டி வருகிறேன். இந்த சீசனுக்கு மலைக்கென்றே செய்த புது வண்டி வாங்கிவிட்டேன். 850 சிசி டூ ஸ்ட்ரோக், 165 அங்குல ட்ராக் (வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை). இன்னும் 20 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பல வருஷம் மலையில் ஓட்டிய நண்பர்கள் நாலு பேர், மூன்று வாரம் கழித்துப் போகும் பயணத்துக்கு என்னையும் அழைக்கிறார்கள். "டிரான்சீவர் நாங்கள் தருகிறோம், நீ ஏர்பேக் மட்டும் வாங்கிக்கொள், மீதியைப் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். பனியில் புதைந்தவரைச் சிக்னல் வைத்துத் தேடும் கருவிதான் டிரான்சீவராம், ஏர்பேக் என்பது கைப்பிடியை இழுத்தால் ஊதிக்கொள்ளும் முதுகுப் பையாம். வண்டியை எப்படித் தயார் செய்வது? என்ன எடுத்துப் போவது? அவர்கள் ஏறும் சரிவுகளில் நானும் ஏறலாமா? மனைவி பயப்படுகிறாள். அவளுக்கு என்ன சொல்லட்டும்?

பதில்: தம்பி, புது வண்டிக்கு வாழ்த்துகள். நீங்கள் மூன்றாவதாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த முதல் பயணத்தில் அவர்கள் ஏறும் பெரிய சரிவுகளில் நீங்கள் ஏற வேண்டாம். வண்டி ஏறாது என்பதற்காகச் சொல்லவில்லை. நன்றாகவே ஏறும். எனக்குக் கவலையே அதுதான்.

உங்கள் பழைய வண்டியின் ட்ராக் குட்டையாக இருந்திருக்கும், பற்களும் சிறியவை. ஆழப் பனியில் விட்டால் பத்தடியில் புதைந்துவிடும். ஆபத்தான இடத்துக்கு உங்களைக் கொண்டுபோக அதற்குத் தெம்பு கிடையாது. முன்பெல்லாம் மலை ஓட்டக் கற்றவர்கள் அப்படிப்பட்ட வண்டிகளோடு பல சீசன் மல்லுக்கட்டித்தான் மெல்ல மெல்ல மேலே போனார்கள். போகிற வழியில் பனியைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டார்கள். நீங்கள் வாங்கியிருப்பது வேறு ஜாதி. அந்த நீள ட்ராக்கும், இரண்டரை மூன்று அங்குலப் பற்களும், 160 குதிரைத்திறனைத் தொடும் எஞ்சினும் சேர்ந்தால், த்ராட்டிலை அழுத்தத் தெரிந்த எவரையும் முதல் நாளே 35 டிகிரிச் சரிவின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அந்தச் சரிவு உங்களைத் தாங்குமா என்பதை வண்டி சொல்லாது.

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான் கிளம்புகின்றன. ஏறிப் பார்க்க ஆசை வரும் சரிவுகளும் அவையேதான். மேலே பலகை மாதிரி இறுகிய ஓர் அடுக்கு, அதற்கு அடியில் சர்க்கரை போல ஒன்றோடொன்று ஒட்டாத பனிமணிகள். ஆளும் வண்டியுமாகக் கால் டன்னுக்கும் மேலான எடை அதன்மேல் ஏறும்போது, அடியிலுள்ள அந்த மெல்லிய அடுக்கு நொறுங்குகிறது. நொறுங்கல் பக்கவாட்டில் ஓடி, மேலிருக்கும் பலகை முழுதும் விடுபட்டுச் சரிகிறது. உயிர் போன பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை அங்கே இருந்தவர்களே, அல்லது அவர்களோடு வந்தவர்களே, கிளப்பிவிட்டவை. இன்னொன்று, சரிவில் ஏறினால்தான் கிளம்பும் என்பதில்லை. பனி மோசமாக இருக்கும் நாளில், அடிவாரத்துச் சமதளத்தில் ஓட்டும்போதே மேலேயுள்ள சரிவு விடுபட்டு வரக்கூடும்.

பனிச்சறுக்குக்காரர்களைவிட நமக்கு இதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. அவர்கள் ஒரு நாளில் மூன்று நாலு சரிவுகளைத் தொடுவார்கள், நாம் முப்பது நாற்பதைத் தொட்டுவிடுவோம். அப்புறம், அவர்களுக்குப் பனி பேசுவது கேட்கும். அடியடுக்கு அமுங்கும்போது 'வூம்' என்று அடித்தொண்டையிலிருந்து வருவது போல ஒரு சத்தம் எழும். அதைவிடத் தெளிவான எச்சரிக்கை மலையில் கிடையாது. ஹெல்மெட்டுக்குள் தலையும் தொடைகளுக்கு நடுவே எஞ்சினுமாக இருக்கும் நமக்கு அது கேட்காது. அதனால் நான் கூட்டிப்போகும் குழுவில், புது இடத்துக்கு வந்ததும் எல்லோரும் எஞ்சினை அணைத்து, இறங்கி, கால் புதையப் புதைய இருபதடி நடப்போம். காலடியிலிருந்து விரிசல் கோடு ஓடுகிறதா, சத்தம் வருகிறதா, எதிர்ச் சரிவுகளில் புதிதாகச் சரிந்த தடம் தெரிகிறதா என்று பார்ப்போம். இரண்டு நிமிட வேலை. இந்த வழக்கம் உங்கள் நண்பர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலைவிட, கேட்டதும் அவர்கள் முகம் போகும் போக்கு உங்களுக்கு நிறையச் சொல்லும்.

பல வருஷ அனுபவம் இருந்தால் போதாதா என்று தோன்றலாம். 2010 மார்ச் 13 அன்று கனடாவில் ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில் சரிவேறும் போட்டிக்கென்று ஸ்னோமொபைல்காரர்கள் பெருங்கூட்டமாகக் கூடியிருந்தார்கள். பனிச்சரிவு அபாயம் அதிகம் என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே வெளிவந்திருந்தது. பனி சரிந்து கூட்டத்தின் மேலேயே விழுந்ததில் 2 பேர் இறந்தார்கள், 30 பேர் வரை காயப்பட்டார்கள். அங்கே கூடியவர்களில் பாதிப் பேருக்காவது உங்கள் நண்பர்கள் அளவுக்கு அனுபவம் இருந்திருக்கும். பனிக்கு நம் அனுபவம் தெரியாது.

என் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். குழுக்களை மலைக்குக் கூட்டிப்போகும் இந்த வேலைக்கு நான் வருவதற்கு முன்பு, நண்பர் ஒருவர் சரிவின் பாதியில் திரும்பத் தவறி வண்டியோடு சிக்கிக்கொண்டார். தனியாகத் திணறுகிறாரே என்று நானும் ஏறினேன். அவருக்கு இருபது மீட்டர் கீழே போனபோது என் வண்டியின் ஸ்கீ (முன்பக்கச் சறுக்குப் பலகை) முனையிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, தையல் பிரிவது போலச் சரிவின் குறுக்கே ஓடியது. ஓடி நின்றுவிட்டது. சரிவு கிளம்பவில்லை. ஏன் கிளம்பவில்லை என்பதற்கு என்னிடம் இன்றும் காரணம் இல்லை. கிளம்பியிருந்தால் இரண்டு பேருமே அடியில் போயிருப்போம். மனசுக்கு ஒப்பாவிட்டாலும் விதி இதுதான்: சரிவில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. சிக்கிக்கொண்டவருக்கு உதவ இன்னொருவர் ஏறக்கூடாது. அவர் தானே வண்டியைப் புரட்டி எடுத்துக்கொண்டு இறங்கட்டும். மற்றவர்கள் பனி வந்து சேர முடியாத இடத்தில், வண்டிகளைத் தப்பிக்கும் திசைக்குத் திருப்பி வைத்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது "மீதியைப் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பேச்சுக்கு வருகிறேன். அன்பினால் சொல்கிறார்கள், தப்பில்லை. ஆனால் பனிக்கு அடியில் போவது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அவர்களில் ஒருவர் போனால் தேட வேண்டியது நீங்கள். பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்திருக்கிறார்கள். அரை மணி தாண்டிவிட்டால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே பெரிது. மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும். காப்பாற்றப் போவது கூட இருப்பவர்கள்தான்.

அதனால் கடன் டிரான்சீவரை முதல் நாள் காலையில் வாகன நிறுத்தத்தில் வாங்கி மாட்டிக்கொள்வது வேண்டாம். இந்த மூன்று வாரமும் அது உங்கள் கையில் இருக்கட்டும். எல்லா டிரான்சீவர்களும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசுகின்றன, பிராண்ட் வித்தியாசம் தடை இல்லை. மூன்று ஆன்டெனா உள்ள டிஜிட்டல் வகைதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஒற்றை ஆன்டெனா வகையென்றால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். பேட்டரி கையேடு சொல்லும் வகையாக இருக்கட்டும். சாதாரணமாக ஆல்கலைன்தான். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மீதி எவ்வளவு என்று அது காட்டுவதை நம்ப முடியாது.

பயிற்சி இப்படிச் செய்யுங்கள். நண்பர் ஒருவரிடம் இன்னொரு டிரான்சீவரைக் கொடுத்து, ஒரு பைக்குள் போட்டு, பனி மூடிய மைதானத்தில் நீங்கள் பார்க்காமல் புதைக்கச் சொல்லுங்கள். கைக்கடிகாரத்தை ஓட விட்டுத் தேடுங்கள். தொலைவில் இருக்கும்போது ஓடலாம். கருவியின் திரையில் தெரியும் எண் (மீட்டரில் தோராயமான தூரம்) 10க்குக் கீழே இறங்கியதும் நடை, 3க்குக் கீழே வந்ததும் முழங்கால் போட்டு, கருவியைப் பனி மட்டத்திலேயே வைத்து, நேராகவும் குறுக்காகவும் மெல்ல நகர்த்துங்கள். மிகக் குறைந்த எண் வந்த இடத்தில் தொடங்கிப் புரோப் என்ற நீண்ட தேடுகம்பியைக் குத்துங்கள். சரிவின் பரப்புக்குச் செங்குத்தாக, 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, சுருள் சுருளாக வெளியே வர வேண்டும். மனித உடலில் படும்போது புரோப் கல்லில் பட்டது போல நிற்காது, மண்ணில் பட்டது போலக் குத்தாது, மெத்தென்று தடுக்கும். பட்டதும் புரோபைப் பிடுங்காதீர்கள், அதுதான் உங்கள் அடையாளக் கம்பம். அதற்கு நேர் மேலே நின்று தோண்டாமல், ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு சரிவின் கீழ்ப்பக்கம் இறங்கி, அங்கிருந்து உள்நோக்கி வெட்டுங்கள். மண்வாரி உலோகமாக இருக்க வேண்டும். சரிந்து நின்ற பனி சிமெண்ட் போல இறுகிவிடும், பிளாஸ்டிக் வாரி அதில் உடையும். ஐந்து நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முதல் தடவை பெரும்பாலோருக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிடத்தை மைதானத்தில் ஒரு தடவை உணர்ந்துவிட்டால் பிறகு யாரும் உங்களுக்கு வலியுறுத்த வேண்டியிருக்காது.

கைபேசியை டிரான்சீவரிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், தேடும்போது அரை மீட்டர். சூடேற்றும் கையுறை, கேமரா, ரேடியோ எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. மண்வாரியும் புரோபும் உங்கள் முதுகுப் பையில் இருக்க வேண்டும், வண்டியின் பின்பக்கப் பெட்டியில் அல்ல. வண்டியும் நீங்களும் வேறு வேறு இடத்தில் கிடக்கும் நேரத்துக்காகத்தான் அவை. ஏர்பேக் நல்ல பொருள், வாங்குங்கள். கூழாங்கல்லையும் மணலையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினால் பெரியது மேலே வருகிறதல்லவா, அந்த விதிப்படி அது உங்களைப் பனிக்கு மேலே நிறுத்தப் பார்க்கும். மரத்தில் மோதுவதையோ பாறையிலிருந்து விழுவதையோ அதனால் தடுக்க முடியாது. கைப்பிடியை இழுக்க மறந்தால் அதுவும் வெறும் சுமைதான். வீட்டில் ஒரு தடவை இழுத்துப் பழகுங்கள்.

இவற்றோடு, பனிச்சரிவு அடிப்படைப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். பொதுவாக இரண்டு நாள்தான், ஸ்னோமொபைல்காரர்களுக்கென்றே தனியாகவும் நடத்துகிறார்கள். மூன்று வாரத்தில் இடம் கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன். மலை அங்கேயேதான் இருக்கும்.

சரி, வண்டி. புது ட்ராக் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் நீளும். முதல் ஓட்டம் முடிந்ததும் தொய்வை அளந்து பாருங்கள், கையேட்டில் எவ்வளவு எடை தொங்கவிட்டு எவ்வளவு தொய்வு இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். இரண்டு பக்கத் திருகையும் ஒரே அளவு திருப்புங்கள், இல்லாவிட்டால் ட்ராக் ஒரு பக்கம் ஒதுங்கி, தான் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டையான ஸ்லைடைத் தின்றுவிடும். டிரைவ் பெல்ட்டுக்கும் பழக்கம் வேண்டும். முதல் 50 கிலோமீட்டர் முழு த்ராட்டில் பிடிக்காமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். எஞ்சினுக்கு எத்தனை மணி நேரம் பொறுமை காட்ட வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கும். அதை மலைக்குப் போகும் முன்பே உங்களுக்குத் தெரிந்த சமதரையில் முடித்துவிடுங்கள். பெல்ட் ஒன்று உபரியாகக் கூடவே இருக்கட்டும். அதை மாற்றும் வேலையைக் கொட்டகையில் ஒரு தடவை கையுறையோடு செய்து பாருங்கள்.

விற்றவரிடம் கேட்க மறக்கக்கூடாத ஒன்று, கிளட்ச் எந்த உயரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறது என்பது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏறும்போதும் ஏறக்குறைய 3 சதவீதம் பலத்தை இழக்கும். 2,400 மீட்டரில் கால் பங்கு போயிருக்கும். தாழ்வான ஊருக்கென்று அமைத்த கிளட்ச் எடைகளோடு மேலே போனால் எஞ்சின் வேண்டிய சுழற்சியை எட்டாமல் முக்கிக்கொண்டே இருக்கும். வண்டியில் குறை என்று நினைத்துவிடுவீர்கள்.

மலையடிவாரத்திலிருந்து மேலே போகும் பாதை பெரும்பாலும் இறுகிய பனி. உங்கள் வண்டியின் எஞ்சினும் ஸ்லைடுகளும் ட்ராக் தூக்கியடிக்கும் பனியால்தான் குளிர்கின்றன. இறுகிய பாதையில் பனி தெறிக்காது, சூடு ஏறிவிடும். இறுகிய பனியைச் சுரண்டித் தெறிக்கவிடும் கம்பிகளான ஸ்க்ராட்சர்களை இறக்கிவிடுங்கள், அவ்வப்போது ஓரத்து மென்பனியில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். ரிவர்ஸ் போடும் முன் ஸ்க்ராட்சரைத் தூக்க வேண்டிய வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சிலது மடிந்து வளைந்துவிடும்.

எரிபொருள் கணக்கைப் பழைய வண்டியை வைத்துப் போடாதீர்கள், ஆழப் பனியில் கண்முன்னே குறையும். மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு. கழன்றால் எஞ்சினை அணைத்துவிடும் டெதர் கயிறு எப்போதும் உடம்பில் மாட்டியிருக்கட்டும். நீங்கள் விழுந்தபிறகு வண்டி தனியே ஓடிப் போகக்கூடாது. உடைக்கு ஒன்றே ஒன்று: உடம்போடு ஒட்டிய அடுக்கில் பருத்தி வேண்டாம். மலை ஓட்டத்தில் குளிரைவிட வியர்வை அதிகம், நனைந்த பருத்தி காயவே காயாது. கையுறையும் கண்ணாடியும் இரண்டு ஜோடி.

முதல் நாள் என்ன ஓட்டுவது? தலைக்கு மேலே பெரிய சரிவு எதுவும் இல்லாத, 25 டிகிரிக்கும் குறைந்த ஒரு திறந்தவெளியைக் கண்டுபிடியுங்கள். நாள் முழுக்க அங்கேயே இருங்கள். சமதரைக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஹேண்டில்பாரைத் திருப்பப் பார்ப்பார்கள். ஆழப் பனியில் ஸ்கீ மிதக்கும், அதைத் திருப்பினால் வண்டி திரும்பாது. எழுந்து நின்று, ஒரு பக்கக் கால் பலகையில் முழு எடையையும் போட்டு, வண்டியையே அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். ஹேண்டில்பார் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். சரிவுக்குக் குறுக்கே போகும்போதும் இதேதான்: உடம்பு மேட்டுப் பக்கம், ஸ்கீ பள்ளத்துப் பக்கம். கேட்கும்போது தலைகீழாக இருக்கும். ஐம்பது தடவை விழுந்தபிறகு ஒரு தடவை வண்டி ஒற்றை விளிம்பில் அப்படியே நிற்கும், அப்போது உடம்புக்குப் புரிந்துவிடும். அந்த நொடிக்காகத்தான் நாங்களெல்லாம் இதை விடாமல் ஓட்டுகிறோம்.

சிக்குவீர்கள், முதல் நாளில் பத்து தடவையாவது. வண்டி முன்னே போகாமல் பின்பக்கம் இறங்குகிறது என்று தெரிந்த அந்த நொடியே விரலை எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வந்துவிடும் என்று தோன்றும். ட்ராக் தனக்குத்தானே கிணறு வெட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ரிவர்ஸும் ஆழப் பனியில் பின்பக்கத்தை இன்னும் புதைக்கும். இறங்கி, வண்டிக்கு முன்னால் பத்தடி தூரம் பனியை மிதித்துப் பாதை போடுங்கள். ட்ராக்குக்கு அடியிலும் கால் பலகைக்கு அடியிலும் உள்ள பனியைத் தோண்டி எடுங்கள். அப்புறம் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பள்ளத்தைப் பனியால் நிரப்பி மிதித்துவிட்டு, மீண்டும் நிமிர்த்துங்கள். இரண்டு நிமிடம் மூச்சு வாங்கி, பனி கொஞ்சம் இறுகிய பிறகு, ஒரே சீராக த்ராட்டில் கொடுங்கள். உயரத்தில் மூச்சு சீக்கிரம் வாங்கும், அவசரப்படாதீர்கள். மரங்களுக்கு இடையே என்றால் அடிமரத்தைச் சுற்றி மென்பனிக் குழி இருக்கும், கிளை மறைத்திருப்பதால் தெரியாது. தலைகுப்புற விழுந்தவர்கள் தாமாக எழ முடியாத குழி அது. மரங்களுக்குள் இரண்டிரண்டு பேராக, ஒருவரை ஒருவர் பார்த்தபடி போங்கள்.

இவ்வளவையும் நண்பர்களிடம் படித்துக் காட்டுங்கள். "முதல் நாள் நான் கீழே பழகுகிறேன், ஒருவர் மட்டும் என்னோடு இருங்கள்" என்று கேளுங்கள். நல்ல கூட்டாளிகளாக இருந்தால் முறை வைத்துக்கொண்டு இருப்பார்கள். யாருக்கும் மனம் இல்லை என்றால், பணம் கொடுத்து ஒரு வழிகாட்டியோடு போவது மேல்.

உங்கள் மனைவி பயப்படுவது சரிதான். "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். பயணத்தின் முந்தின இரவு இருவருமாக உட்கார்ந்து, அந்த மலைக்கான பனிச்சரிவு எச்சரிக்கையைத் திறந்து படியுங்கள். அபாயம் 1 முதல் 5 வரை போடுவார்கள். 3 என்று இருந்தாலே மனிதர்கள் பனிச்சரிவைக் கிளப்பும் வாய்ப்பு நிறைய உண்டு, பலர் இறப்பதும் அந்த 3 என்ற நாளில்தான். 3 அல்லது அதற்கு மேல் என்றால் பெரிய சரிவுகளின் பக்கமே போகமாட்டேன் என்று அவர் முன்னாலேயே முடிவெடுங்கள். மலையில் வைத்து அந்த முடிவை மாற்றக்கூடாது. பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எங்கே வண்டியை நிறுத்துகிறோம், எந்தப் பள்ளத்தாக்கு, யார் யார், எத்தனை மணிக்குத் திரும்பி வந்து அழைப்பேன், எத்தனை மணி தாண்டினால் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும், அவர்கள் எண் என்ன. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று குழுவில் இருந்தால், மதியம் ஒரு செய்தி போடுவதாகச் சொல்லி, மறக்காமல் போடுங்கள். அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவரையே ஒட்டச் சொல்லுங்கள்.